பூச்சி மாத்திரை எல்லாக் குழந்தைகளுக்கும் தேவையா? ஒரே ஆய்வுகள், இரண்டு தீர்ப்புகள்... குழப்பம் ஏன்?

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. பிள்ளைகளைப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் அனுப்பும் வீடுகளில் இந்தத் தேதிகள் பழகிப்போனவை. தேசிய குடற்புழு நீக்க நாள். 1 முதல் 19 வயது வரை உள்ள எல்லோருக்கும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்படும். சில மாநிலங்களில் தேதி கொஞ்சம் முன்பின் ஆகும். சில இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும். 2015 பிப்ரவரியில் 11 மாநில, யூனியன் பிரதேசங்களில் தொடங்கிய இந்தத் திட்டம், அடுத்த ஆண்டே நாடு முழுக்க விரிந்தது.

அந்த நாளில் அங்கன்வாடி வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், எம் புள்ளைக்குத்தான் பூச்சித் தொல்லையே இல்லையே, அப்புறம் எதுக்கு மாத்திரை?"

சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் இதே கேள்வியை வைத்து உலகின் பெரிய மருத்துவ ஆய்வாளர்களும் பொருளாதார அறிஞர்களும் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தரப்பில் நோபல் பரிசு பெற்றவரே இருக்கிறார். இந்தச் சண்டைக்கு 'புழுப் போர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இரண்டு தரப்பும் கையில் எடுத்த ஆயுதம் ஒன்றுதான்: மெட்டா அனாலிசிஸ். அதாவது, பல ஆய்வுகளின் முடிவுகளைக் கூட்டிப் பார்க்கும் தொகுப்பாய்வு. ஒரே முறை, பெரும்பாலும் அதே ஆய்வுகள். பிறகு எப்படித் தீர்ப்பு மட்டும் இரண்டானது?

முதலில், மாத்திரை வேலை செய்கிறதா?

செய்கிறது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மண் வழியாகப் பரவும் குடற்புழுக்களில் முக்கியமானவை மூன்று: உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு. திறந்தவெளியில் கழிக்கப்படும் மலத்தோடு முட்டைகள் மண்ணில் கலக்கின்றன. கழுவாத கை, கழுவாத காய்கறி வழியாக உருளைப்புழு, சாட்டைப்புழுவின் முட்டைகள் வயிற்றுக்குப் போகின்றன. கொக்கிப்புழுவின் இளம்புழு, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்தே உடம்புக்குள் நுழைந்துவிடும். குடல் சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். ரத்தசோகைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வேளை அல்பெண்டசோல் இவற்றை எந்த அளவுக்கு ஒழிக்கிறது? 2017-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு ஒன்று கணக்குச் சொல்கிறது. உருளைப்புழு இருந்தவர்களில் சுமார் 96 சதவீதம் பேர் குணமானார்கள். கொக்கிப்புழுவில் சுமார் 80 சதவீதம். சாட்டைப்புழுவில் மட்டும் சுமார் 31 சதவீதம்தான்.

ஆக, புழு இருக்கும் குழந்தைக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பதில் சண்டையே கிடையாது. சண்டை வேறு இடத்தில் தொடங்குகிறது.

அப்போ பிரச்சினை என்ன?

திட்டம் புழு இருக்கும் குழந்தைக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதில்லை. இருக்கா இல்லையா என்று பார்க்காமல் ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கிறது. காரணம் எளிது. ஒவ்வொரு குழந்தையின் மலத்தையும் பரிசோதிக்க ஆகும் செலவு, மாத்திரையின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். மருந்தும் பாதுகாப்பானது. எனவே எல்லோருக்கும் கொடுத்துவிடுவதே சுலபம்.

ஆனால் இதைப் பரிந்துரைக்கும்போது புழு சாகும் என்பதோடு யாரும் நிறுத்தவில்லை. குழந்தைகள் எடை கூடுவார்கள், ரத்தசோகை குறையும், பள்ளிக்கு ஒழுங்காக வருவார்கள், நன்றாகப் படிப்பார்கள், பெரியவர்களானதும் அதிகம் சம்பாதிப்பார்கள் என்று வாக்குறுதிகள் நீண்டன. அந்த வாக்குறுதிகள் உண்மையா என்பதுதான் வழக்கு.

குலுக்கல் ஆய்வு, தொகுப்பாய்வு: எளிய விளக்கம்

மாத்திரை சாப்பிட்ட பிள்ளை ஆறு மாதத்தில் எடை கூடியது என்றால் அது மாத்திரையால்தான் என்று சொல்ல முடியாது. வளரும் பிள்ளை, எப்படியும் எடை கூடும். மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வீட்டில் முட்டையும் பாலும் கூடக் கொடுத்திருக்கலாம்.

இதைத் தவிர்க்கத்தான் ராண்டமைஸ்டு ட்ரயல் எனப்படும் குலுக்கல் முறை ஆய்வு. யாருக்கு மாத்திரை, யாருக்கு இல்லை என்பதை சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்வார்கள். இரண்டு குழுக்களிலும் ஏழை, வசதியானவர், நோஞ்சான், திடமானவர் எல்லோரும் ஏறக்குறைய சமமாகக் கலந்துவிடுவார்கள். கடைசியில் வித்தியாசம் தெரிந்தால் அதற்குக் காரணம் மாத்திரை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் ஒரே ஒரு ஆய்வை நம்பிக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கான திட்டத்தை முடிவு செய்ய முடியாது. ஓர் ஊரில் பலன் தெரியும், இன்னோர் ஊரில் தெரியாது. அதனால்தான் எல்லா ஆய்வுகளையும் தேடிப் பிடித்து, பெரிய ஆய்வுக்கு அதிக மதிப்பும் சிறிய ஆய்வுக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்து, ஒரே எண்ணாகச் சுருக்குகிறார்கள். இதுதான் மெட்டா அனாலிசிஸ்.

இந்த முறை குழந்தைகளைக் காப்பாற்றிய வரலாறும் உண்டு. குறைப்பிரசவம் ஆகும் நிலையில் உள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்ச்சி அடையும் என்று 1972-லேயே நியூசிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தன. ஆனால் பலவும் சிறியவை, தனித்தனியாகப் பார்த்தால் தெளிவில்லை. அதனால் பல ஆண்டுகள் அந்த ஊசி பரவலாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோதுதான், சிசு மரணத்தை அது கணிசமாகக் குறைப்பது பளிச்சென்று தெரிந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் 'காக்ரேன்' அமைப்பின் சின்னத்தில் இன்றும் இருப்பது அந்த ஏழு ஆய்வுகளின் வரைபடம்தான்.

அதே காக்ரேன்தான் பூச்சி மாத்திரை விவகாரத்திலும் தீர்ப்பு எழுதியது. அங்கே போகும் முன் இரண்டு பெரிய ஆய்வுகளைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கென்யாவில் தொடங்கிய கதை

1998. கென்யாவின் மேற்கே புசியா பகுதி. பொருளாதார அறிஞர்கள் மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகேலும் 75 பள்ளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுப் பள்ளிகளுக்கு 1998-லும், இரண்டாம் குழுவுக்கு 1999-லும், மூன்றாம் குழுவுக்கு 2001-லும் மாத்திரை போய்ச் சேர்ந்தது. காத்திருந்த பள்ளிகளே ஒப்பீட்டுக் குழு.

2004-ல் வெளியான முடிவு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மாத்திரை கொடுத்த பள்ளிகளில் மாணவர் வராத நாட்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் நன்மை கிடைத்தது. சுற்றுப்புறத்தில் புழு முட்டைகள் குறைந்ததே காரணம். ஆனால் தேர்வு மதிப்பெண் மட்டும் உயரவில்லை.

இவ்வளவு மலிவான செலவில் வருகைப்பதிவைக் கூட்ட வேறு வழியே இல்லை என்ற பேச்சு பரவியது. அரசுகளும் நன்கொடையாளர்களும் ஆர்வம் காட்டினார்கள். வளர்ச்சிப் பொருளாதாரத்தில் இப்படிப்பட்ட கள ஆய்வு முறைகளுக்காக 2019-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோவுடன் சேர்ந்து கிரெமர் நோபல் பரிசும் பெற்றார்.

நடுவில் 2015-ல் ஒரு திருப்பம். லண்டன் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் கென்யா ஆய்வின் மூலத் தரவுகளை வாங்கி மீண்டும் கணக்குப் போட்டார்கள். தரவுகளைக் கொடுத்தவர்கள் முதல் ஆய்வாளர்களே. கணக்கீட்டில் சில பிழைகள் வெளியே வந்தன. தூரத்துப் பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்ற பகுதி பலவீனமானது. வருகைப்பதிவு உயர்ந்தது நிஜமா, தரவுகளைக் கையாண்ட விதத்தால் அப்படித் தெரிகிறதா என்ற கேள்வியும் எழுந்தது. முக்கிய முடிவு அப்படியே நிற்கிறது என்று கிரெமர் தரப்பு பதில் சொன்னது. ட்விட்டரில் அனல் பறந்தது. 'புழுப் போர்' என்ற பெயர் அப்போதுதான் பரவியது.

உத்தரப் பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகள்

இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத இந்திய ஆய்வு ஒன்று உண்டு. பெயர் 'டெவ்டா'. உலகின் மிகப்பெரிய குலுக்கல் முறை ஆய்வுகளில் ஒன்று.

லக்னோ ஆய்வாளர்களும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியது. உத்தரப் பிரதேசத்தின் 72 வட்டாரங்கள், அங்கே அங்கன்வாடிகளில் பதிவான 1 முதல் 6 வயது வரையிலான சுமார் 10 லட்சம் குழந்தைகள். பாதி வட்டாரங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல். ஐந்து ஆண்டுகள் நடந்து 2004-ல் முடிந்த ஆய்வின் முடிவு லேன்செட் இதழில் வந்தது 2013-ல்தான்.

அவர்கள் எண்ணியது எடையை மட்டும் அல்ல, மரணங்களையும். மாத்திரை கொடுத்த பகுதிகளில் ஓர் அங்கன்வாடிக்கு சராசரியாக 3.00 மரணங்கள். கொடுக்காத பகுதிகளில் 3.16. வித்தியாசம் 5 சதவீதம். ஆனால் புள்ளியியல் கணக்குப்படி உண்மையான வித்தியாசம் 11 சதவீதக் குறைவிலிருந்து 2 சதவீத அதிகம் வரை எதுவாகவும் இருக்கலாம். எடையிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு இருந்தது பெரும்பாலும் லேசான தொற்று. அப்படிப்பட்ட இடத்தில் மாத்திரையால் மரணம் பெரிதாகக் குறையவில்லை என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

காக்ரேன் தீர்ப்பு: 'பலன் தெரியவில்லை'

2015 ஜூலையில் லிவர்பூலைச் சேர்ந்த டேவிட் டெய்லர்-ராபின்சன், பால் கார்னர் குழு காக்ரேன் தொகுப்பாய்வைப் புதுப்பித்து வெளியிட்டது. மொத்தம் 45 ஆய்வுகள். டெவ்டாவின் 10 லட்சம் போக, மற்ற 44 ஆய்வுகளில் 67,672 பேர்.

முடிவுகள் இரண்டு வகை.

ஒன்று: பரிசோதித்து, புழு இருப்பது உறுதியான குழந்தைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்த ஆய்வுகள். இவற்றில் எடை சராசரியாக 0.75 கிலோ கூடியது. ஆனால் ஐந்தே சிறு ஆய்வுகள், 627 குழந்தைகள். சான்றின் தரம் குறைவு என்று அவர்களே குறித்திருக்கிறார்கள்.

இரண்டு: எல்லோருக்கும் பலமுறை மாத்திரை கொடுத்த ஆய்வுகள். 10 ஆய்வுகள், 38,392 குழந்தைகள். சராசரி எடைக் கூடுதல் 0.08 கிலோ, அதாவது 80 கிராம். ரத்த அளவு, அறிவுத்திறன், பள்ளி மதிப்பெண் ஆகியவற்றிலும் மாற்றம் இல்லை அல்லது மிகக் குறைவு.

"ஊரில் எல்லோருக்கும் கொடுப்பதால் சத்துநிலையோ படிப்போ மேம்படும் என்பதற்குச் சான்று இல்லை" என்பது இந்தக் குழுவின் நிலைப்பாடு. 2019-ல் ஆய்வுகள் 51 ஆனபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. கனடா ஆய்வாளர்கள் தலைமையில், 11 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளோடு வந்த இன்னொரு தொகுப்பாய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது.

எதிர்த் தரப்பு: 'பலன் உண்டு, உங்கள் தராசுதான் சரியில்லை'

2016-ல் கெவின் குரோக், கிரெமர், மிகேல் உள்ளிட்டோர் தங்கள் தொகுப்பாய்வோடு வந்தார்கள். போதிய புள்ளிவிவரம் இல்லை என்று காக்ரேன் குழு ஒதுக்கிவைத்த சில ஆய்வுகளின் தரவுகளைத் தேடி எடுத்துச் சேர்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த சராசரி எடைக் கூடுதல் சுமார் 0.13 கிலோ. அதாவது 130 கிராம். புழு அதிகம் உள்ள இடங்களில் அது இன்னும் கூடுதல்.

அவர்களின் முக்கிய வாதம் வேறு. காக்ரேன் சேர்த்த ஆய்வுகளை வைத்து இவ்வளவு சிறிய பலனைக் கண்டுபிடிக்கவே முடியாது என்றார்கள். லாரி எடை போடும் மேடையில் ஒரு தேங்காயை வைத்துவிட்டு, முள் அசையவில்லை, எனவே தேங்காய்க்கு எடையே இல்லை என்று சொல்வது மாதிரி.

கூடவே ஒரு செலவுக் கணக்கும் போட்டார்கள். செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் பூச்சி மாத்திரை தரும் எடைக் கூடுதல், பள்ளி உணவுத் திட்டம் தருவதைவிட 35 மடங்குக்கும் மேல் என்றார்கள். சத்துணவுக்குப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இது தூக்கிவாரிப் போடும். ஆனால் இந்தக் கணக்கு எடையை மட்டுமே பார்க்கிறது. பசியோடு வரும் பிள்ளைக்கு மதியச் சோறு கிடைப்பதும், அதற்காகவே பள்ளிக்கு வருவதும் இந்தத் தராசில் ஏறவில்லை. மலிவான சிறு பலனும் பலன்தான் என்று காட்டுவதே அவர்களின் நோக்கம்.

விமர்சகர்கள் இதையும் விடவில்லை. கென்யா ஆய்வை நடத்தியவர்களே இந்தத் தொகுப்பாய்வையும் எழுதியிருக்கிறார்களே என்று கேட்டார்கள். புழு அதிகம் உள்ள இடங்களை மட்டும் தனியாகப் பார்த்தபோதும் சீரான பலன் தெரியவில்லையே என்பது காக்ரேன் தரப்பின் பதில்.

எண்களைப் பக்கத்தில் வைத்தால் தெரிவது

ஒருவர் 80 கிராம் என்கிறார், பலன் தெரியவில்லை என்கிறார். இன்னொருவர் 130 கிராம் என்கிறார், பலன் உண்டு என்கிறார். இடையில் இருப்பது 50 கிராம். ஒரு முட்டையின் எடை.

காக்ரேனின் 80 கிராமுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் உண்டு. உண்மையான பலன் 110 கிராம் குறைவிலிருந்து 270 கிராம் அதிகம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது அவர்களின் கணக்கு. இதை நம்பக எல்லை என்பார்கள். அந்த எல்லைக்குள் பூஜ்ஜியமும் இருக்கிறது. எனவே பலன் இருப்பதாக உறுதி சொல்ல முடியாது என்று ஒரு தரப்பு படிக்கிறது. அதே எல்லைக்குள் 130 கிராமும் இருக்கிறது. எனவே பலன் இல்லை என்றும் உறுதி சொல்ல முடியாது என்று மறுதரப்பு படிக்கிறது.

அதாவது இரண்டு தொகுப்பாய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. தெளிவில்லாத ஓர் எண்ணை எந்தப் பக்கம் சாய்த்து வாசிப்பது என்பதில்தான் மோதல். மருத்துவ ஆய்வாளர், 'நிரூபிக்கும் வரை நம்பாதே' என்ற பழக்கத்தில் வளர்ந்தவர். ஒரு மருந்தைக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் சந்தேகப்படுவது அவர் கடமை. பொருளாதார அறிஞர் கேட்பது வேறு: 'மாத்திரை இவ்வளவு மலிவு, பக்கவிளைவும் குறைவு. பலன் இருக்க வாய்ப்பு உண்டு என்றாலே கொடுப்பது லாபம்தானே?'

சராசரிக்குள் ஒளிந்திருக்கும் குழந்தை

சாதாரண வாய்ப்பாட்டுக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். அவர்களில் 8 பேருக்குப் புழு, அதாவது 20 சதவீதம். மாத்திரை கொடுத்ததும் அந்த 8 பேரும் ஆளுக்கு 0.75 கிலோ கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 கிலோ. இதை வகுப்பில் உள்ள 40 பேருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 150 கிராம்.

புழு இரண்டே பேருக்கு இருந்தால்? மொத்தம் ஒன்றரை கிலோ. 40 பேருக்குப் பிரித்தால் 40 கிராம்கூடத் தேறாது. மாத்திரை அதே மாத்திரைதான். புழு இருந்த பிள்ளைக்குக் கிடைத்த நன்மையும் அதேதான். ஆனால் தொகுப்பாய்வில் விழும் எண் மட்டும் கால்வாசியாகிவிட்டது.

0.75 கிலோ என்பது சிறு ஆய்வுகளிலிருந்து வந்த எண் என்பதால் இதை உதாரணமாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உதாரணம் காட்டும் விஷயம் முக்கியமானது. புழு மண்டிய கென்யக் கிராமத்தையும் லேசான தொற்று இருந்த உத்தரப் பிரதேசத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறினால் வருவது இரண்டு ஊருக்கும் பொருந்தாத ஒரு சராசரி. 'மாத்திரை பலன் தருமா' என்ற கேள்வியோடு 'எந்த ஊரில், எத்தனை பிள்ளைகளுக்குப் புழு இருக்கும்போது' என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

20 ஆண்டு கழித்து சம்பளம் கூடுமா?

கென்யக் குழந்தைகளை ஆய்வாளர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2021-ல் வந்த கட்டுரைப்படி, கூடுதலாக இரண்டு மூன்று ஆண்டுகள் மாத்திரை கிடைத்தவர்கள் 20 ஆண்டு கழித்து மணிக்கணக்கு வருமானத்தில் 13 சதவீதமும் வீட்டுச் செலவில் 14 சதவீதமும் முன்னே இருந்தார்கள்.

உண்மையானால் பெரிய விஷயம். ஆனால் இது ஓர் ஊர், ஒரு காலகட்டம், ஒரே ஆய்வு. அந்தப் பகுதியில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் ஏதோ ஒரு புழு இருந்தது. எடையே பெரிதாகக் கூடாதபோது வருமானம் எப்படிக் கூடும் என்று கேட்கிறார்கள் சந்தேகப்படுபவர்கள். இத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்த குலுக்கல் ஆய்வுகள் மிகக் குறைவு என்பதால் தொகுப்பாய்வும் இங்கே கைவிரித்துவிடுகிறது. கூட்டுவதற்கு எண்கள் வேண்டுமே.

உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்கிறது?

மாத்திரை கொடுக்கத்தான் சொல்கிறது. 2017 வழிகாட்டுதலின்படி, 20 சதவீதமோ அதற்கு மேலோ தொற்று உள்ள பகுதிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். 50 சதவீதத்தைத் தாண்டினால் இருமுறை. ஆனால் அதன் வாசகத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். புழுச் சுமையைக் குறைப்பதற்காக என்றுதான் நோக்கம் குறிக்கப்பட்டிருக்கிறது. மதிப்பெண் கூடும், உயரம் கூடும் என்ற உறுதிமொழி அதில் இல்லை.

இந்தியாவுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 20 சதவீதம் என்ற கோட்டை வைத்துத்தான் திட்டமே நடக்கிறது. அப்படியென்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்போது புழு எவ்வளவு என்று அவ்வப்போது அளந்தாக வேண்டும். கழிப்பறை, சுத்தமான தண்ணீர், செருப்பு என்று வாழ்க்கை மாறிய ஊரில் அளவு குறைந்திருக்கும். மலையடிவாரக் குடியிருப்பில் குறையாமல் இருக்கும். பழைய கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் ஒரே அட்டவணை போடுவதில் அர்த்தம் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்திரை, வயிற்றில் இருக்கும் புழுவைக் கொல்லும். மண்ணில் இருக்கும் முட்டையைக் கொல்லாது. அதனால் சில மாதங்களில் தொற்று திரும்ப வருகிறது. குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தால் வயல் வேலைக்குப் போகும் பெரியவர்களின் உடம்பில் கொக்கிப்புழு அப்படியே இருக்கும்.

பெரியவர்கள் உட்பட ஊருக்கே கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்று சோதிக்கத்தான் 'டிவார்ம்3' ஆய்வு தொடங்கப்பட்டது. இந்தியா, பெனின், மலாவி ஆகிய மூன்று நாடுகளில் நடந்த இதில் இந்தியக் களம் தமிழ்நாடு. வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் பொறுப்பில் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடந்தது. ஒவ்வொரு நாட்டிலும் 40 பகுதிகள். குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளில் ஊருக்கே மாத்திரை, மீதியில் வழக்கம் போலக் குழந்தைகளுக்கு மட்டும். பழைய தொகுப்பாய்வுகள் கேட்காத கேள்வி இது.

சரி, பெற்றோர் என்ன செய்வது?

இந்தப் போரில் எந்தத் தரப்பும் மாத்திரை ஆபத்தானது என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் கொடுப்பதால் கிடைக்கும் பலன் எவ்வளவு, அந்தப் பணத்தையும் உழைப்பையும் வேறு எதற்காவது செலவழிக்கலாமா என்பதுதான் விவாதம். இது அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மாத்திரை நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க இது காரணம் ஆகாது.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. மாத்திரையை முழுதாக விழுங்காமல் நன்றாக மென்று சாப்பிட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குத் தூளாக்கித் தண்ணீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும். தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. ஒன்று முதல் இரண்டு வயதுக்குப் பாதி மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம். அதற்கு மேல் ஒரு முழு மாத்திரை, 400 மில்லிகிராம். காய்ச்சல் அல்லது வேறு நோயோடு இருக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம், குணமான பிறகு கொடுக்கலாம். வயிற்றுவலி, குமட்டல் லேசாக வரலாம். புழு அதிகம் இருந்த பிள்ளைக்குத்தான் இது அதிகம் தெரியும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். வாந்தி நிற்கவில்லை, பிள்ளை சோர்ந்து போகிறது என்றால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

'எம் புள்ளைக்குத்தான் பூச்சியே இல்லையே' என்று கேட்ட அம்மாவுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. லேசான தொற்று வெளியே தெரியாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதை வைத்து முடிவு செய்யவும் முடியாது. புழு இருந்தால் மாத்திரை அதைக் கொல்லும். இல்லாவிட்டால் பலனும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. ஆனால் மாத்திரை போட்டாச்சு, இனி பிள்ளை எடை போடும், முதல் மார்க் வாங்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். கழிப்பறைக்குப் போய்வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுகிறதா, வெளியே போகும்போது செருப்பு போடுகிறதா என்று பார்ப்பதை அதற்காக நிறுத்தவும் வேண்டாம்.